மார்கழியும் தொங்கல் கணக்கும்

இந்த மடல் உங்கள் கைகளுக்கு வரும்போது மார்கழி பிறந்திருக்கும். கனடாவிலும் நோர்வேயிலும் சுவிஸிலும் இருக்கும் அன்பர்கள் வாசலில் விழுந்த பனியை வாரிக்கொண்டிருப்பார்கள். குளிர்காலம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கும் காலம், ஆகவே மனமும் உள்ளே திரும்பும் காலம் என்று அந்நாடுகளில் இருந்து எழுதுகிறவர்கள் எழுதுவது வழக்கம். அவர்களுக்கு அது பொருந்தும். வளைகுடாவில் இருக்கும் எங்களுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் காலம் கோடை. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் யூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை நண்பகல் பன்னிரண்டரை மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்த மாதங்களில் நாங்கள் குளிரூட்டிய வீட்டிலிருந்து குளிரூட்டிய காருக்கும், காரிலிருந்து குளிரூட்டிய அலுவலகத்துக்கும் ஓடுகிறவர்கள். டுபாயில் பஸ் தரிப்பிடத்துக்குக்கூடக் குளிரூட்டி உண்டு.

நவம்பர் பிறந்த பிறகுதான் ஜன்னலைத் திறக்கிறோம். டிசம்பரிலும் ஜனவரியிலும் டுபாயில் பகல் வெப்பம் 25 பாகை அளவில் நிற்கும். இரவில் 14, 15 பாகைக்கு இறங்கும். ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனர் இதைக் குளிர் என்று சொன்னால் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அதிகாலையில் காரின் கண்ணாடியில் பனித்துளி படிந்து, தூசியோடு கலந்து, கோடு கோடாக வழிகிறதே, அதுதான் எங்கள் முன்பனிக்காலம். 2017 பெப்ரவரியில் ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ் மலையில் வெண்பனியே விழுந்தது. அது நாட்டின் பெரிய செய்தியாயிற்று.

இந்த மண்ணின் பழைய மக்களும் குளிரைக் கணக்கு வைத்து எதிர்பார்த்தவர்கள்தாம். ஓகஸ்ட் 24 அளவில் விடியலில் தெற்குப் பக்கமாக சுஹைல் என்ற விண்மீன் தோன்றும். அதைக் கண்டால் கோடை தளரத் தொடங்கிவிட்டது என்று கொள்வார்கள். அன்று முதல் ஆண்டைப் பத்துப் பத்து நாளாக எண்ணிப் போவார்கள். கடற்றொழிலுக்கும் பேரீச்சந் தோட்டத்துக்கும் அதுவே பஞ்சாங்கம். அந்த சுஹைல் வேறெதுவுமில்லை, நம்மவர் அகத்தியர் என்று பெயரிட்ட விண்மீன். டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்கும் கடுங்குளிர் நாட்களுக்கு முரப்பானியா என்று பெயர். நாற்பது என்ற எண்ணிலிருந்து வந்த சொல். தொடக்கத்திலிருந்து நாற்பதை எண்ணினால் ஏறக்குறைய நம் தைப்பொங்கலில் வந்து நிற்கிறது. இதை ஒரு பேரதிசயமாக நான் சொல்ல வரவில்லை. ஒரே சூரியனைப் பார்த்து இருவர் எண்ணினால் விடையும் ஒன்றாகத்தான் வரும்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. வெளியே வா என்று அழைக்கும் காலம் இது. பூங்காக்களில் இறைச்சி சுடும் புகை, பாலைவனத்தில் கூடாரம், 1996 இல் தொடங்கிய டுபாய் வணிகத் திருவிழா, ஊரிலிருந்து வரும் விருந்தினர் என்று ஒரு வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் ஓய்வில்லை. இப்படிப்பட்ட காலத்தைத் தன்னைத் தான் பார்க்கும் காலமாக்க முடியுமா? பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது?

நம்மவர் மார்கழியில் கலியாணம் வைப்பதில்லை, புதுவீடு குடிபூருவதில்லை. இதனால் சிலர் அதைப் பீடை மாதம் என்று முகஞ்சுளிக்கிறார்கள். மாதங்களுள் தான் மார்கழி என்று கண்ணன் கீதையில் சொல்லியிருக்கும்போது பீடை எங்கிருந்து வந்தது? எனக்குத் தோன்றும் காரணம் எளிது. இருப்புக் கணக்கெடுக்கும் நாளில் கடைக்காரர் புதுச்சரக்கு இறக்கமாட்டார். கையில் இருப்பதை எண்ணவேண்டுமானால் வரவும் போக்கும் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும்.

யாழ்ப்பாணத்து மார்கழி மழையும் சேறும் கலந்தது. பிள்ளையார் கோயில்களில் பெருங்கதைப் படிப்பு நடக்கும். அது முடிந்தும் முடியாமலும் திருவெம்பாவை தொடங்கும். திருவாதிரையில் முடியும் அந்தப் பத்து நாளும் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குப் பெடியள் சங்கும் சேமக்கலமும் கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் ஊரை எழுப்புவார்கள். 1990 க்குப் பிறகு மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கோடு போனோம். நித்திரை முறிந்த வீட்டுக்காரர் சிலர் உள்ளேயிருந்து ஏசுவதும் உண்டு. அதுவும் அந்த வழிபாட்டின் ஒரு பகுதி என்றே இப்போது நினைக்கிறேன். ஏனென்றால் மணிவாசகர் இருபது பாட்டில் காட்டுவது தனியே கண்ணை மூடிக்கொண்டு சிந்திக்கும் ஒருத்தியை அல்ல. முற்பகுதி முழுவதும் ஒருத்தியின் வாசலில் பலர் நிற்கிறார்கள். கேலி செய்கிறார்கள், நேற்று அவள் சொன்ன வீறாப்பை நினைவூட்டுகிறார்கள், அவளும் உள்ளேயிருந்து பதில் சொல்கிறாள். விழிப்பு அந்தப் பாட்டில் மற்றவரின் கைதட்டலில் வருகிறது.

அந்த வழக்கம் குளிரே இல்லாத நாட்டுக்கும் போயிருக்கிறது. பாங்கொக் நகரத்தின் பெரிய ஊஞ்சல் விழாவுக்குத் தாய்லாந்தவர் இட்ட பெயர் திரியம்பாவை. அரசவைப் பிராமணர் அதை டிசம்பர், ஜனவரி அளவில்தான் நடத்தினார்கள். ஊஞ்சல் ஆட்டம் 1935 இல் நின்றுவிட்டது. சிவப்புத் தூண்கள் இரண்டும் வாட் சுதாட் கோயிலின் முன்னே இன்றும் நிற்கின்றன. பொருள் மறந்தும் காலம் மறக்கவில்லை.

வளைகுடாவில் ஒழுங்கையில் சங்கூத முடியாது, ஊதவும் கூடாது. கைப்பேசியில் சத்தத்தைத் தாழ்த்திவைத்துக் கேட்கிறோம். டிசம்பரில் ஐந்தரை மணியளவில் பள்ளிவாசலின் பாங்கொலி வரும். எங்கள் கட்டடத்தில் ஊரை எழுப்பும் குரல் அதுதான், அதைக் கேட்டு விளக்கேற்றும் சைவ வீடுகளும் இருக்கின்றன. பர் டுபாயில் கடற்கழியின் ஓரமாக, துணிக்கடைச் சந்தின் பின்னால் பல பத்தாண்டுகள் இருந்த சிவன் கோயில் 2024 ஜனவரியில் ஜெபல் அலிக்குப் போய்விட்டது. ஜெபல் அலியில் 2022 ஒக்டோபரில் திறந்த பெரிய இந்துக் கோயில் இருக்கிறது. இடம் விசாலம், கார் நிறுத்த வசதி, எல்லாம் நன்று. கராமாவிலிருந்து நடந்தே போய் விடியற்பூசை பார்த்து வேலைக்குத் திரும்பிய கிழவர்களுக்குத்தான் அது தூரம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இலங்கையில் நிதியாண்டு மார்ச் 31 இல் முடியும். இங்கே பெரும்பாலான கம்பனிகளுக்கு டிசம்பர் 31. அதாவது மார்கழி நடுவில் கணக்கு முடிப்பு. 2018 இல் பெறுமதி சேர் வரி வந்தது. 2023 யூனிலிருந்து தொடங்கும் நிதியாண்டுகளுக்குக் கம்பனி இலாபத்தின்மேல் வரியும் வந்தது. முன்பு எங்களைக் கொஞ்சம் மூச்சுவிட வைத்த டிசம்பர் இப்போது இல்லை. ஆனால் கணக்கு முடிக்கும் வேலையில் உள்ள ஒரு நன்மை, அது ஆளைக் கேள்வி கேட்கப் பழக்கிவிடும். இந்தத் தொகை ஏன் இங்கே நிற்கிறது? யார் வைத்தார்கள்? எப்போது எடுப்பார்கள்?

எந்தக் கணக்கில் பதிவதென்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் இடத்துக்கு எங்கள் பள்ளிப் புத்தகத்தில் தொங்கல் கணக்கு என்று பெயர். அதில் பிழையில்லை. எந்தக் கந்தோரிலும் அது வேண்டும். பிழை எங்கே வருமென்றால், தற்காலிகம் என்று வைத்தது பத்து ஆண்டு அங்கேயே கிடக்கும்போது. வைத்தவர் போய்விடுவார், துண்டுச்சீட்டுத் தொலைந்துவிடும், ஒவ்வொரு டிசம்பரிலும் புதிதாக வந்த ஒருவர் அதை அப்படியே அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோவார்.

வளைகுடா வாழ்வு பெரும்பாலும் இப்படித்தான் என்பது என் எண்ணம். இங்கே வந்தவர் எவரும் தங்குவதற்கு வரவில்லை. இரண்டு ஆண்டு என்று வந்தவர் இருபத்திரண்டு ஆண்டு இருப்பார். நான் முன்பு தேராவில் அறை பகிர்ந்திருந்த காலத்தில் ஒருவர் கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேஸ் வைத்திருந்தார். ஊரில் கட்டப்போகும் வீட்டுக்கென்று வாங்கிய பீங்கான் தட்டுகள், மேசைவிரிப்பு, ஒரு மணிக்கூடு. தான் சாப்பிட்டது பிளாஸ்ரிக் தட்டில். அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அவருக்கு அந்தச் சூட்கேஸே வீடு. ஆனால் பீங்கான் தட்டைப்போல வேறு பலவற்றையும் நாம் கட்டிலுக்குக் கீழே தள்ளிவைத்திருக்கிறோம். பிள்ளையோடு பேசவேண்டிய பேச்சு, மனைவியிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வி, தம்பியோடு தீர்க்கவேண்டிய பிணக்கு, படிக்கவேண்டும் என்று நினைத்த தேவாரம், உடம்பைக் காட்டவேண்டிய வைத்தியர். எல்லாம் ஊருக்குப் போன பிறகு, அல்லது இந்த விசா புதுப்பித்த பிறகு.

புதுப்பித்தல் என்ற சொல்லை நாங்கள் இங்கே எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். விசா, அடையாள அட்டை, வீட்டு ஒப்பந்தம், கார்ப் பதிவு, மருத்துவக் காப்புறுதி. எல்லாவற்றுக்கும் ஒரு திகதி உண்டு, பிந்தினால் தண்டம் உண்டு. ஆளைப் புதுப்பிக்க மட்டும் ஒரு கருமபீடமும் இல்லை, தண்டத்தொகை கேட்டுக் குறுஞ்செய்தியும் வருவதில்லை. ஆகவே அது பிந்திக்கொண்டே போகிறது.

பழந்தமிழ் இலக்கணம் இதை எப்படியோ அறிந்திருக்கிறது. ஐந்திணையில் பிரிவுக்கு உரிய நிலம் பாலை. அதிலும் பொருள் தேடிப் பிரியும் பிரிவு தனியாகப் பேசப்படும். பாலைக்கு உரிய பருவம் வேனில் என்று நாம் பள்ளியில் படித்தோம். தொல்காப்பியம் பின்பனிக்காலத்தையும் பாலைக்கு உரிமையாக்கியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெந்த நிலத்துக்குக் குளிர் எதற்கு என்று மாணவனாக இருந்தபோது எனக்கு விளங்கவில்லை. இங்கே வந்த பிறகு விளங்கியது. கோடையில் பிரிவை உணர நேரமில்லை, வெயிலைச் சமாளிப்பதே வேலை. பனி இறங்கி, மாலை நீண்டு, கடற்கரையில் மற்றவர் குடும்பமாக உலாவும்போதுதான் தனியாக இருக்கும் ஆளுக்கு நெஞ்சு கனக்கிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும். சிலப்பதிகாரம் பாலையை ஒரு நிரந்தர நிலமாகச் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலை ஆகும் என்கிறது. அப்படியானால் அது ஒரு நிலை. வந்ததுபோல நீங்கவும் கூடும்.

இங்கே அகதி என்ற சொல்லைப் பற்றி ஒன்று. அமீரகம் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு இல்லை. மற்ற வளைகுடா நாடுகளும் சேரவில்லை. ஆகவே என் அட்டையில் தொழில் கணக்காளர் என்று மட்டுமே இருக்கிறது. வலிகாமம் வடக்கில் உள்ள எங்கள் ஊரை விட்டு 1990 யூனில் வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் மழையில் நாவற்குழிப் பக்கமாக நடந்தபோது பதினான்கு. அந்த மார்கழியைத் தென்மராட்சியில் ஒரு கோயில் மடத்தில் கழித்தோம். அங்கும் திருவெம்பாவை பாடினோம். எழுப்புவதற்கு வீடுகள் தேவைப்படவில்லை, எல்லோரும் ஒரே கூரையின் கீழ்த்தான் கிடந்தார்கள். 2015 முதல் எங்கள் பக்கத்துக் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன. எங்கள் ஒழுங்கை இன்னும் வேலிக்கு அப்பால்.

இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. கேள்வி இங்கேதான் கடினமாகிறது. சாதாரணப் பிரவாசி ஒருவருக்கு, நாளையை நம்பி இன்றைத் தள்ளிவைக்காதே என்று சொல்லிவிடலாம். வீடு இழந்தவருக்கு அப்படிச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. தள்ளிவைப்பதுதான் அவருடைய விசுவாசம். இங்கே ஒரு நல்ல சோபா வாங்கினால் ஊரை விட்டுக்கொடுத்ததுபோல இருக்கும். எங்கள் வீட்டில் சுவரில் ஆணி அடிக்கவே என் தகப்பனார் விடவில்லை, வாடகை வீட்டில் ஏன் ஆணி என்பார். 1990 முதல் அவர் இறக்கும்வரை நாங்கள் இருந்த ஏழு வீட்டிலும் படங்கள் நிலத்தில் சாத்தியே இருந்தன.

நண்பர் ஒருவர், அவரும் கணக்காளர், எனக்குச் சொன்ன யோசனை நேரடியானது. பதிவழித்துவிடு. அறவிட முடியாக் கடன் என்று எழுதி மூடிவிட்டுப் புது ஏட்டைத் திற. அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர், அவருக்கு அது வசதி. எனக்கு அதில் ஒரு பொய் தெரிகிறது. கடன்காரர் உயிரோடு இருக்கிறார், கடன் உண்மை, சாட்சி உண்டு. அதை இல்லை என்று எழுதுவது கணக்கும் ஆகாது.

குவைத்தை நினைத்துப் பாருங்கள். 1990 ஓகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக் படை உள்ளே வந்தபோது இலங்கையர், இந்தியர் என்று இலட்சக்கணக்கானோர் அங்கே வேலையில் இருந்தார்கள். சம்பளப் பாக்கி, வங்கிச் சேமிப்பு, வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் விட்டுப் பாலைவனம் தாண்டி ஜோர்தானுக்கு ஓடினார்கள். எல்லாம் போயிற்று என்றே நினைத்தார்கள். 1991 இல் ஐக்கிய நாடுகள் சபை ஒரு இழப்பீட்டு ஆணைக்குழு அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கு அதற்குப் போனது. தனியாட்களின் சிறு கோரிக்கைகளுக்கு முதலிடம் கொடுத்தார்கள். ஊரைவிட்டு ஓடவேண்டி வந்ததற்கு மட்டும் ஆளுக்கு 2,500 அல்லது 4,000 டொலர் என்று வரையறுத்தார்கள். ஏறக்குறைய 15 இலட்சம் கோரிக்கைகளுக்கு மொத்தம் 52.4 பில்லியன் டொலர் கொடுத்து, கடைசித் தவணை 2022 ஜனவரியில் முடிந்தது. முப்பத்தொரு ஆண்டு. துண்டுச்சீட்டைக் கிழித்தெறியாமல் வைத்திருந்தவர்களுக்குப் பணம் வந்தது. வலிகாமத்துக்கு அப்படி ஒரு ஆணைக்குழு இல்லை என்பது வேறு விடயம். கோரிக்கையை ஏட்டில் வைத்திருப்பது மூடத்தனம் இல்லை என்பதற்கு இதைச் சொன்னேன்.

எங்கள் தொழிலில் பதிவழிப்புக்கும் தொங்கலுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஐயக்கடன் ஏற்பாடு என்பார்கள். கடனை ஏட்டில் முழுதாக வைத்திருக்கவேண்டும், ஒரு சதமும் குறைக்கக்கூடாது. ஆனால் அது வராமலும் போகலாம் என்று ஒப்புக்கொண்டு, அந்த அளவுக்கு வருகிற வருமானத்தில் ஒதுக்கி வைக்கவேண்டும். கையில் இல்லாத காசை இருப்பதாக எண்ணிச் செலவு திட்டமிடக்கூடாது. ஊர் பற்றி எனக்குச் சரியாகப் படுவது இந்த நிலைதான். காணி எங்களுடையது, அதை எவர் கேட்டாலும் சொல்லுவேன். அது கிடைக்கும்வரை சுவரில் ஆணி அடிக்கமாட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்லமாட்டேன்.

இந்த நாட்டுச் சட்டமே இதற்கு ஒரு உதாரணம் தருகிறது. வேலையாள் விலகும்போது முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளமும், அதற்குமேல் 30 நாள் சம்பளமும் கொடுக்கவேண்டும். ஒழுங்கான கம்பனி அதை அவர் போகிற நாளில் தேடாது. ஒவ்வொரு டிசம்பரிலும் ஒதுக்கிவரும். அவருடைய பிரிவு உறுதி, திகதிதான் தெரியாது. கம்பனிக்கு உள்ள இந்த அறிவு வீட்டுக்குள் நமக்கு இல்லை. தாய் தகப்பன் போகும் நாளும், பிள்ளைகள் பதினெட்டு வயதில் வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விமானம் ஏறும் நாளும் திடீரென்று வந்ததாகவே அழுகிறோம்.

தமிழ்நாட்டு நண்பர்கள் தொங்கல் கணக்கு என்றால் விளங்காமல் பார்ப்பார்கள். அவர்கள் அனாமத்துக் கணக்கு என்பார்கள். அந்தச் சொல்லைப் பல காலம் நான் அநாமதேயம் என்பதன் உறவு, அதாவது பேர் ஊர் இல்லாதது என்றே நினைத்திருந்தேன், பேச்சில் அப்படித்தான் பொருள் கொள்கிறார்கள். உண்மையில் அது அரபுச் சொல். பாக்கி, வசூல், அசல், நகல், ஜாமீன் எல்லாம் போல இந்த மண்ணிலிருந்து உருதுவழியாக நம் ஏட்டுக்குள் வந்தது. அமானத் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். இங்கே பொதிகளைப் பாதுகாப்பாக வைக்குமிடத்தில் அமானாத் என்று அரபியில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். என்னோடு வேலை செய்யும் எகிப்தியரிடம் கேட்டேன். அமானாவைத் திருப்பிக் கொடுக்காதவன் மனிதனில்லை என்று சற்றுக் கோபமாகவே சொன்னார், நான் எதையோ திருப்பிக் கொடுக்காததுபோல.

யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது என்று நாம் நினைத்த தொகைக்கு, அந்தச் சொல்லின்படி ஒரு உரியவர் இருக்கிறார். நான் தள்ளிவைத்த பேச்சு என்னுடையதல்ல, அது மகளுக்கு உரியது. அதற்குத் தவணையும் உண்டு. விடுமுறை நாட்களை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகக் கம்பனி அனுமதிக்கும். பன்னிரண்டு வயதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக எவராலும் முடியாது. ஆகவே மார்கழியில் பார்க்கவேண்டியது எது என்ற கேள்விக்கு என் விடை சிறியது. மனம் முழுவதையும் குடைய வேண்டியதில்லை. தொங்கலில் கிடப்பவற்றை ஒருமுறை எடுத்து, எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரித்தால் போதும். காணி காத்திருக்கும். முப்பத்தைந்து ஆண்டு காத்திருந்துவிட்டது.

தன் ஏட்டைத் தானே கணக்காய்வு செய்யமுடியாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. மணிவாசகரின் பெண்கள் ஒருத்தியின் வாசலில் போய் நிற்பதற்கும் இதுவே காரணம் என்று எடுத்துக்கொள்கிறேன். கோடையில் இங்கே எவர் வீட்டுக்கும் எவரும் போவதில்லை, போனாலும் கார் நிறுத்த இடம் தேடி எரிச்சலோடு ஏறுவோம். குளிர்காலம் வந்தால் நடக்கலாம். இரண்டு நண்பர்கள் கடற்கழி ஓரமாக அல் சீஃபிலிருந்து நடக்கத் தொடங்கினால், வடக்கிலிருந்து வந்த கடற்காக்கைகள் அப்ராப் படகுகளைச் சுற்றிக் கத்துவதைப் பார்த்துக்கொண்டே, வீட்டுக்குள் மூன்று மாதமாகப் பேசாததைப் பேசிவிடுவார்கள். வெளியே அழைக்கும் காலம் உள்ளே பார்க்க இடைஞ்சல் என்று ஆரம்பத்தில் கேட்டேன். அந்த இடைஞ்சலே வழியாகவும் இருக்கிறது. இந்த வசதி எல்லோருக்கும் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. கட்டடத் தொழிலாளிக்குக் குளிர்காலம் என்பது நண்பகல் ஓய்வு இல்லாத காலம். அவர் முகாமுக்குத் திரும்பும்போது எவருடைய கதவையும் தட்ட அவருக்குத் தெம்பு இராது. அவருடைய கதவைத் தட்டுவது மற்றவர் கடமை. பொங்கலன்று சில குடும்பங்கள் அதைச் செய்கின்றன.

எங்கள் வீட்டில் சென்ற மார்கழியில் ஒரு வேலை தொடங்கினோம். என் தாயாருக்கு எண்பத்தொரு வயது, சகோதரியோடு கோண்டாவிலில் இருக்கிறார். எங்கள் காணி உறுதி 1995 இல் தொலைந்தது. பதிவுக் கந்தோரில் பிரதி எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறோம். ஆனால் உறுதியில் எல்லைகள்தான் இருக்கும்: வடக்கு இன்னாருடைய காணி, தெற்கு ஒழுங்கை, பரப்பு இவ்வளவு, பங்குக் கிணறும் வழிவாய்க்காலும் உள்பட. அதற்குள் என்ன இருந்தது என்று அறிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான். ஞாயிறு காலையில், இங்கே ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, என் மகள் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு ஒரு பெரிய தாளில் கீறுகிறாள். கிணறு, மாட்டுக்கொட்டில், அடைப்புக்குள் நின்ற மாதுளை, திருவெம்பாவைக்குப் போகிற பெடியள் சேமக்கலத்தைச் சாத்திவைக்கும் திண்ணை. முருங்கையைக் கிணற்றடியில் போட்டுவிட்டாள்.

"இல்லைப் பிள்ளை, முருங்கை கிணத்தடியில நிக்கேல்லை. அது குசினிக்குப் பின்னால நிண்டது. அழிச்சுக் கீறு."

அழித்துக் கீறினாள். இன்னும் வடக்கு வேலிப் பக்கம் கீற இருக்கிறது. இந்த மார்கழி ஞாயிறுகளில் அதை முடித்துவிடுவோம். முடிந்ததும் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டுவதாகப் பேச்சு, ஆணி வாங்கி வைத்தாயிற்று.